ஒற்றை இறக்கைத் திருட்டு

"பறவைக்குப் பல்லே கிடையாது. அதைப் போய்ப் பல் டாக்டர் எதுக்கு, மேடம், கேட்டுல வெச்சிருக்கார்?"

கேட்டது டமாரம். பதில் வராது என்று அவனுக்கே தெரியும். மேடம் ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பல் ஆஸ்பத்திரியின் இரும்பு கேட்டை மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போன ஒரு பேஷண்ட், 'இந்த அம்மாவுக்குப் பல்லுல பிரச்சினையா, இல்ல வேற எங்கயாவதா' என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

டமாரம் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஒரு ரகசியத்தை அவன் காதில் போட்டால் போதும், ஊரெல்லாம் அடித்துவிடுவான். அப்படிப்பட்ட மகானைத் துப்பறியும் ஆபீசில் உதவியாளனாக வைத்துக்கொள்ள ஒரு தனித் தைரியம் வேண்டும், மேடத்துக்கு அது இருந்தது. அவர் முன்னே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்து கேஸ்களைப் பார்த்தவர். மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கிற மாதிரி, பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பார். அதுவும் ரசித்து ரசித்து. டமாரத்துக்கு அதைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

கேஸ் இதுதான். ஊரில் எல்லோரும் பட்டறைக்காரர் என்று கூப்பிடும் ஒரு மனிதர். இரும்புத் தகட்டில் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிறவர். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், மெஷின் அதை அப்படியே தகட்டில் வெட்டித் தள்ளிவிடும். அவர் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அந்த அம்மாள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னலுக்கு ஒரு பறவைக் கூட்டம் வரைய ஆரம்பித்தார். கடைசிப் பறவைக்கு ஒரு இறக்கை போட்டாயிற்று. இன்னொன்று போடுவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார். அப்புறம் அந்தப் படத்தை அவர் தொடவே இல்லை. அப்படி ஒரு படம் இருந்தது தெரிந்த ஒரே ஆள், கூடவே வேலை பார்த்த அவருடைய சொந்தத் தம்பி.

அந்தப் பறவைகள்தான் இப்போது பல் டாக்டர் கேட்டில் பறக்கின்றன. பார்த்த அன்றைக்கே பட்டறைக்காரர் வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் தம்பியை ஓங்கி ஒரு அறை விட்டு, திருட்டு நாயே என்று திட்டி வெளியே தள்ளினார். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டையும் அன்றே மாற்றிவிட்டாராம். "இப்ப என்னைத் தவிர ஒரு ஈ காக்கா அதைத் தொட முடியாது மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். திருடன் என்று பேர் வாங்கினவனை வேறெந்தப் பட்டறையும் வாசலில்கூட நிற்க விடாது. தம்பி இப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான்.

"அவன்தான்னு நீங்க ஒரு அறிக்கை கொடுங்க. அன்னைக்கே போலீஸ்ல புகார் கொடுத்து உள்ள தள்ளிடறேன்" என்று போன வெள்ளிக்கிழமை வந்து சொன்னவர், போகும்போது இன்னொன்றும் சொன்னார். "அவன்கிட்ட மட்டும் பேசிடாதீங்க. உஷாராயிடுவான்." அறிக்கைக்கு இன்று சாயங்காலம்தான் கெடு.

மேடம் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "டமாரம், நீ திருடப் போறேன்னு வெச்சுக்க."

"காலங்காத்தால நல்ல வார்த்தை சொல்றீங்க."

"பாதியில நிக்கற படத்தை எடுப்பியா, முழுசா முடிஞ்ச படத்தை எடுப்பியா?"

"இதென்ன கேள்வி? செருப்பைத் திருடினாக்கூட ஜோடியாத்தானே மேடம் எடுப்பாங்க."

"இந்தக் கடைசிப் பறவையைப் பாரு. ஒரு இறக்கைதான். தம்பிக்கு இது முடியாத படம்னு தெரியும். அவனும் வரையத் தெரிஞ்சவன். மிச்ச இறக்கையைப் போட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆயிடும்?"

"டீ ஆறுறதுக்குள்ள போட்டுடுவான்."

"விக்கறதுக்கு எடுத்தவன் அதைக்கூடப் போடாம வித்திருக்கான். அப்ப எடுத்தவன் கண்ணால பார்த்து எடுக்கல. கையில கிடைச்சதையெல்லாம் அள்ளியிருக்கான். வா, இதைச் செஞ்சவரைப் பார்ப்போம்."

கேட்டைச் செய்தவர் ஊரின் இன்னொரு மூலையில் பட்டறை வைத்திருந்த மீசைக்காரர். திருட்டுப் படத்தைப் பற்றிக் கேட்டதும் ஆசாமி வியர்த்து விறுவிறுத்துப் பின்வாசல் வழியே ஓடுவார், துரத்திப் பிடிக்கலாம் என்று டமாரம் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மீசைக்காரரோ நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"திருட்டா? நல்லாச் சொன்னீங்க போங்க! நாங்க வரையறதுக்கு வாங்கின சாஃப்ட்வேர்லயே மாதிரிகள்னு ஒரு பக்கம் இருக்குங்க. பூ, கொடி, பறவைன்னு ஆயிரக்கணக்குல கிடக்கும். வேணுங்கறத எடுத்துக்கலாம், இலவசம். அங்கேர்ந்துதான் எடுத்தேன்."

"ஒரு இறக்கை இல்லையே, கவனிக்கலையா நீங்க?" என்று மேடம் கேட்டார்.

மீசைக்காரர் தலையைச் சொறிந்தார். "கவனிச்சேன். டாக்டரும் கேட்டார். ஒரு பக்க இறக்கை மட்டும் தெரியறதுதாங்க இப்ப மாடர்ன்னு சொல்லிட்டேன். அவரும் சந்தோஷமா மாட்டிக்கிட்டார்."

டமாரத்துக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே வந்த வழியே போனது. சாகப் போகிற ஒருத்திக்காக ஆசை ஆசையாய் வரைந்தது, கடைசியில் ஒரு வியாபாரியின் வாய்ச் சவடாலில் மாடர்ன் ஆகிவிட்டதே.

"அந்தப் பக்கத்தைக் காட்டுங்க."

மீசைக்காரர் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினார். புருவம் சுருங்கியது. "அட, இங்கதானேங்க இருந்துச்சு! நான் எடுத்து வெச்ச காப்பி இருக்கு பாருங்க. மாதிரியில காணோம்."

"கம்பெனியே தூக்கியிருக்கும்" என்றான் டமாரம்.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த சாஃப்ட்வேரோட அக்ரிமென்ட் எங்க இருக்கு?"

"அக்ரிமென்ட்டா? அதெல்லாம் யாருங்க படிப்பாங்க! ஒத்துக்கிறேன்னு ஒரு பட்டன் வரும், அழுத்துவோம், வேலையைப் பார்ப்போம்."

"நான் படிக்கறேன்."

படித்தார். டமாரம் பட்டறையைச் சுற்றி வந்தான், மீசைக்காரரோடு அரசியல் பேசினான், ஒரு கிரில்லின் கம்பிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டான். மேடம் அசையவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் 'முந்தைய வடிவம்' என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்து, பழையது ஒரு பக்கம் புதியது ஒரு பக்கமாக வைத்து, வரி வரியாக இரண்டிலும் விரல் ஓட்டிக்கொண்டே வந்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இங்க வா. பழசுல என்ன இருக்கு, படி."

டமாரம் படித்தான். "'நீங்கள் வரைந்து சேமிக்கும் படங்கள் உங்களுக்கே உரியவை.' நல்ல வார்த்தைதான்."

"புதுசுல?"

"'நீங்கள் வரைந்து சேமிக்கும் படங்கள் உங்களுக்கே உரியவை.' அதேதானே மேடம்!"

"முற்றுப்புள்ளின்னு நெனச்சு நின்னுட்டியே. அங்க அரைப்புள்ளி. மேல படி."

"'...எனினும் சேவையை மேம்படுத்தும் பொருட்டு, அவற்றைப் பிற பயனர்களின் உபயோகத்துக்காக மாதிரிகளில் சேர்த்துக்கொள்ள நீங்கள் சம்மதிக்கிறீர்கள். விரும்பாதவர்கள் அமைப்புகள் பகுதிக்குச் சென்று அடையாளக் குறியை நீக்கிக்கொள்ளலாம். தொடர்ந்து பயன்படுத்துவதே சம்மதமாகக் கொள்ளப்படும்.'" டமாரம் நிமிர்ந்தான். "அடப்பாவிகளா! இது பகல் கொள்ளை!"

"கொள்ளை இல்ல. நம்ம கையெழுத்தோட நடக்கறதுக்குக் கொள்ளைன்னு பேர் கிடையாது." மேடத்தின் குரலில் கசப்பு வழிந்தது. "வீட்டுக்காரர் நீ தூங்கும்போது வாடகைப் பத்திரத்தைத் திருத்திட்டுப் போயிடறார். காலையில நீ கதவைத் திறந்ததே சம்மதம்கறார். அதுதான் இது. வாங்கின அன்னைக்குப் படிச்சவன்கூட, அவங்க மாத்தற அன்னைக்குப் படிக்கறதில்ல. அது அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப யாருமே திருடல. சேமிச்ச படம் முழுசும் கம்பெனிக்காரன்கிட்ட போச்சு, அவன் முடிஞ்சது முடியாதது பார்க்காம அள்ளி மாதிரியில கொட்டிட்டான். தம்பி சுத்தம்!" டமாரம் கையைத் தட்டினான். "கேஸ் முடிஞ்சுது மேடம். வாங்க, அண்ணனையும் தம்பியையும் சேர்த்து வெச்சிட்டுப் புண்ணியம் கட்டிக்கலாம்."

கேஸ் முடிந்த மாதிரி மேடம் முகம் இல்லை. மீசைக்காரருக்கு நன்றி சொல்லி, அந்த அடையாளக் குறியை, அதாவது டிக்கை, எப்படி எடுப்பது என்று அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். டமாரம் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிற வரைக்கும் ஓரமாக நின்று யாருக்கோ போன் பேசினார்.

"யாருக்கு மேடம்?"

"தம்பிக்கு. பட்டறைக்கு வரச் சொன்னேன்."

"பேசக்கூடாதுன்னாரே அந்த ஆளு?"

"ஏன் சொன்னார்னு நீ யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

பட்டறைக்காரரின் பட்டறைச் சுவரில், சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்து: 'பெட்டி வந்தால் உடனே ஓகே.' டமாரம் போன தடவையே அதைப் பார்த்து, சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி என்று நினைத்திருந்தான். இன்றைக்கு மேடம் அதைக் காட்டிக் கேட்டார்.

"அது ஒண்ணுமில்ல மேடம்" என்றார் பட்டறைக்காரர். "மெஷின் வெட்டிக்கிட்டிருக்கும்போது திரையில ஏதாவது பெட்டி குதிச்சு வந்து நின்னா, மெஷினும் நின்னுடும். நின்ன இடத்துல நெருப்பு தகட்டைப் பொசுக்கிடும். அதனால பெட்டி வந்தா யாரா இருந்தாலும் ஓகே அழுத்திடணும். என்னன்னு படிச்சுக்கிட்டு நின்னா தகடு போயிடும். நான் போட்ட சட்டம்."

"அந்தச் சட்டத்துலதான் உங்க பறவை போச்சு."

மேடம் எல்லாவற்றையும் சொன்னார். மாறிய வரி, அதைச் சொல்ல வந்த பெட்டிக்குப் படிக்காமல் அழுத்தின ஓகே, மாதிரிகள் பக்கம், மீசைக்காரர் எடுத்த காப்பி. டமாரம் பட்டறைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவனை அநியாயமாக அடித்துவிட்டோம் என்று தெரிந்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? தலையில் அடித்துக்கொள்வான். இல்லை, நம்ப மாட்டேன் என்று குதிப்பான். இந்த மனிதர் மேஜைமேல் கிடந்த ஆணிகளை ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா" என்றார். "சரி மேடம். யாருன்னு தெரியலைன்னு எழுதிக் கொடுத்துடுங்க. புகார் வேண்டாம். விட்டுடலாம்."

"விடலாம். அதுக்கு முன்னாடி அந்த அமைப்புகள் பக்கத்தைத் திறங்க. டிக்கை எடுத்துட்டா மிச்சப் படமாவது தப்பிக்கும்."

"நான் அப்புறம் பார்த்துக்கறேன்."

"இப்பவே."

பட்டறைக்காரர் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தார். டமாரம் எட்டிப் பார்த்தான். 'என் படங்களை மாதிரிகளில் சேர்க்கலாம்' என்ற வரிக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. டிக் இல்லை. ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அடியில் பொடி எழுத்தில் எடுத்த தேதி.

"போன வாரம் திங்கட்கிழமை" என்று மேடம் படித்தார். "தம்பியை வெளிய தள்ளி எவ்வளவோ நாள் கழிச்சு. பாஸ்வேர்டு உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு. டிக்கை எடுத்ததும் பறவை மாதிரியிலேர்ந்து காணாமப் போச்சு. திங்கட்கிழமையே உங்களுக்கு எல்லாம் தெரியும். அப்புறம் எதுக்குங்க வெள்ளிக்கிழமை எங்ககிட்ட வந்தீங்க?"

டமாரம் தேதியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தம்பி திருடவில்லை என்று தெரிந்துகொண்டே, தம்பிதான் திருடினான் என்று எழுதி வாங்க வந்தாரா இந்த ஆள்?

பட்டறைக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பேசியபோது குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அடிச்சிட்டேனே மேடம். இத்தனை பேர் முன்னாடி கையை நீட்டிட்டேனே. இவனுங்க எல்லாம் அவனைச் சின்ன முதலாளின்னு கூப்பிட்டவனுங்க. நான்தான் தப்புன்னு இவனுங்க முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்? நீங்க தோண்டித் துருவுவீங்க, வேற ஏதாவது ஒரு தப்பு அகப்படும்னு நெனச்சேன். ஒரு துண்டு இரும்பு எடுத்துட்டுப் போயிருந்தாக்கூடப் போதும்."

"அகப்பட்டிருந்தா?"

"நான் அடிச்சது சரின்னு ஆகியிருக்கும்."

சீ என்று இருந்தது டமாரத்துக்கு. கொலைகாரனைக்கூடப் பார்த்திருக்கிறான், இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. அதே சமயம் அந்த மனிதரின் தொங்கிப்போன தோளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்ததுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

வெளியே மெஷின் சத்தம் நின்றது. யாரோ "சின்ன முதலாளி..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். வாசலில் தம்பி நின்றிருந்தான். சட்டையெல்லாம் கிடங்குத் தூசி. தோளில் சாக்கு உராய்ந்த சிவப்பு. வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றான், ஒரு அடி உள்ளே வைக்கவில்லை.

"போங்க" என்றார் மேடம். "போய் நீங்களே சொல்லுங்க."

பட்டறைக்காரர் போனார். வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள், காதுகள் மட்டும் வாசலில் இருந்தன.

"சாப்டியாடா?" என்றார்.

தம்பி சட்டைத் தூசியைத் தட்டினான்.

"அந்தக் கம்பெனிக்காரன் பண்ண வேலைடா. அக்ரிமென்ட்டை மாத்தி எல்லாரையும் ஏமாத்திட்டான். உன்மேல தப்பில்ல. இவங்கதான் கண்டுபிடிச்சாங்க." அவர் குரலை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எனக்கே இப்பத்தான்டா தெரிஞ்சுது."

டமாரம் வாயைத் திறந்துவிட்டான். மேடம் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

"இப்பத்தானா?" என்று தம்பி கேட்டான்.

"ஆமாண்டா. இப்ப, இந்த நிமிஷம்தான்."

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. "அண்ணா, அந்த டிக்கை எடுன்னு உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினது யாரு?"

பட்டறைக்காரர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேடமே இதை எதிர்பார்க்கவில்லை என்பது, டமாரத்தின் முழங்கையில் அவர் பிடி தளர்ந்ததில் தெரிந்தது.

"வேலை கேட்டு ஒரு பட்டறைக்குப் போனேன்" என்று தம்பி சொன்னான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை, எல்லோரிடமும்தான் போலிருக்கிறது. "நான் யாருன்னு தெரியற வரைக்கும் உட்கார வெச்சிருந்தாங்க. அவங்க திரையில அண்ணியோட பறவை ஓடிச்சு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. ஊர்ல இருக்கறவன் கேட்டுல எல்லாம் ஏறிடுமேன்னு, அங்கேயே உட்கார்ந்து என் போன்ல அந்த அக்ரிமென்ட்டைத் தேடிப் படிச்சு, ஞாயித்துக்கிழமை உனக்குச் சொல்லி அனுப்பினேன். எங்க போகணும், எதை அழுத்தணும், எல்லாம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டறை வாசல்ல போய்க் கெஞ்சிக் கேட்டேன். மாதிரியில இல்லைன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. அண்ணன் கேட்டுட்டான், எடுத்துட்டான், இனிமே கூப்பிடுவான்னு இருந்தேன். மூட்டை தூக்கும்போதுகூடப் போனைக் கீழ வெக்கல."

"டேய்..."

"திருடன்னு நீ நம்பிப் புகார் கொடுத்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

"நாளைக்கு வேலைக்கு வாடா. எல்லாம் பேசிக்கலாம்."

"என் பேச்சை நம்பித்தானே அண்ணா அந்த டிக்கை எடுத்தே?"

பட்டறைக்காரர் வாசல்படியைப் பார்த்தார். தம்பி, ஏதாவது பதில் வருமா என்று நின்று பார்த்தான். அப்புறம், கிடங்குக்கு லாரி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். அவன் முனை திரும்புகிற வரைக்கும் அண்ணன் கம்பியைப் பிடித்தபடியே நின்றார், கூப்பிடவில்லை.